மாற்றல் லெட்டர் போடுற அண்ணன்மாருக்கு ஒரு திறந்த மடல்

நம்ம மிஷன் நிர்வாகக் குழுவுல இருக்குற அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும், மாசாமாசம் நம்மளத் தாங்குற ஜெபக்குழுக்காரங்க எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

நேரா விஷயத்துக்கு வந்துடுறேன். உங்கள்ல பாதிப் பேருக்கு என்னைத் தெரியும். தூத்துக்குடி மாவட்டம் நாசரேத்துப் பக்கத்துப் பொண்ணு, ஜார்கண்ட்ல ராஜ்மகால் மலையில பஹாரியா பழங்குடி ஜனங்க மத்தியில இருந்தவ, இப்ப தேவகோட்டைக்கும் காரைக்குடிக்கும் நடுவுல ஒரு கிராமத்துல பிள்ளைங்க ஹாஸ்டலைப் பாத்துக்கிட்டு இருக்கிறவ. இந்த மாற்றலை எதிர்த்து நான் எழுதல. மாத்துற அதிகாரம் உங்களுக்கு இருக்கு, அர்ப்பணம் பண்ணின அன்னைக்கே சம்மதிச்சு கையெழுத்துப் போட்டுட்டுத்தான் வந்தேன், போன்னா போவேன் வான்னா வருவேன். மாத்துற விதத்தைப் பத்தித்தான் கேக்குறேன். ஒரு இடத்துல இருந்து எங்களை எடுக்கும்போது அந்த ஜனங்ககிட்ட சொல்லிட்டு வர நேரம் கொடுங்க, எதுக்கு எடுக்குறீங்கன்னு சொல்லுங்க, போற இடத்துல எவ்வளவு காலம்னு எழுதிக் கொடுங்க. தனியா ஒரு மெயில்ல கேட்டிருக்கலாம்தான், ஆனா இதே மாதிரி லெட்டர் வாங்கின தம்பி தங்கச்சிமார் வேற வேற ஊர்ல இருக்காங்க, கேட்டா கீழ்ப்படியாதவங்கன்னு பேர் வந்துடுமோன்னு பயந்து உள்ளுக்குள்ளயே வச்சுக்கிறாங்க, அதனாலதான் எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதுறேன்.

என்ன நடந்துச்சுன்னு ஜெபக்குழுக்காரங்களுக்குத் தெரியாது, சொல்லிடுறேன். வருஷ லீவுக்கு ஊருக்கு வந்திருந்தேன், ரெண்டு மூணு சபையில மிஷனரி ஞாயிறுக்குப் பேசிட்டு, திரும்பிப் போறதுக்கு ஹௌரா டிக்கெட் கூட எடுத்தாச்சு, மலைப் பிள்ளைங்களுக்கு சிலேட்டு, கலர் பென்சில்னு வாங்கி பையில அடைச்சு வச்சிருந்தேன். வாட்ஸ்ஆப்ல ஒரு பிடிஎஃப் வந்துச்சு. ஒரு பக்கம், ரெண்டு பத்தி. நீங்க ஜார்கண்டுக்குத் திரும்ப வேண்டாம், சிவகங்கை மாவட்டத்துல இந்தப் பணித்தளத்துல பொறுப்பெடுத்துக்கோங்க, கர்த்தர் உங்களோட இருப்பாராக, அவ்வளவுதான். ஏன்னு ஒரு வரி இல்ல. போன் பண்ணிக் கேட்டா "ஜெபிச்சு எடுத்த தீர்மானம்மா"ன்னாங்க. நீங்க ஜெபிச்சீங்கன்னு நான் முழுசா நம்புறேன், அதுல எனக்குச் சந்தேகமே கிடையாது, ஆனா அதே ஜெபத்துல என்னையும் ஒரு வாரம் முன்னாடி சேத்திருக்கலாமேன்னு தோணுது.

அந்த மலையில என்ன விட்டுட்டு வந்தேன்னு சொன்னாத்தான் இது ஏன் இவ்வளவு வலிக்குதுன்னு புரியும். பாக்கூர் மாவட்டத்துல அடிவாரச் சந்தையில இறங்கி அதுக்கப்புறம் நடைதான். மேல சோளம், கம்பு, காராமணி போடுவாங்க, காராமணி வெளஞ்சா அடிவாரத்து வியாபாரி வந்து வாங்கிட்டுப் போவார், கடனைக் கழிச்சது போக கையில கொஞ்சம்தான் நிக்கும். அவங்க பேசுற மால்ட்டோ நம்ம தமிழுக்குத் தூரத்துச் சொந்தம், திராவிட மொழிக் குடும்பத்துல வடகோடியில இருக்குற ஒண்ணு, ஆனா சொந்தம்ங்கறதுக்காக லேசா வந்துடாது, அடுப்பங்கரையில உக்காந்து கெழவிங்க வாயைப் பாத்துப் பாத்துத்தான் கத்துக்கிட்டேன். அதுல கதை கேட்டு, சண்டை வெலக்கி, பிள்ளைப்பேறுக்குக் கூட நின்னு, கடைசியில ஜெபம் பண்ணும்போதும் அந்த பாஷை தானா வர்ற அளவுக்கு வந்தப்பதான் எடுத்துட்டீங்க.

இது வெறும் மனசு சம்பந்தப்பட்ட விஷயம்னு நெனச்சிடாதீங்க. அந்தப் பக்கம் சாகிப்கஞ்ச், பாக்கூர், தும்கா, கோட்டா நாலு மாவட்டத்துலயும் காலா அசார் இருக்கு, மணல் ஈ கடிச்சு வர்ற காய்ச்சல், வாரக் கணக்குல விடாது, மண்ணீரல் வீங்கி வயிறு முட்டிக்கும், கவனிக்காம விட்டா உயிர் போயிடும். அதுக்கு இப்ப கவர்மென்ட் ஆஸ்பத்திரியில ஒரே நாள்ல ஏத்துற மருந்து இருக்கு, ஜனங்க பொழைக்கிறாங்க, தேவனுக்கு ஸ்தோத்திரம். ஆனா பொழச்சவங்கள்ல சிலருக்கு மாசம் கழிச்சோ வருஷம் கழிச்சோ தோல்ல வெளுப்பா திட்டுத் திட்டா வரும், வலிக்காது, அரிக்காது, அதனால யாரும் கண்டுக்க மாட்டாங்க, ஆனா அந்தத் திட்டுல கிருமி இருக்கு, அவங்களக் கடிச்ச ஈ அடுத்த வீட்டுப் பிள்ளையக் கடிச்சா திரும்ப ஆரம்பிக்கும். அதுக்கு 12 வாரம் தொடர்ந்து மாத்திரை சாப்பிடணும். வாந்தி வரும், வயித்தால போகும், உடம்புக்கு ஒண்ணுமே பண்ணாத ஒரு திட்டுக்காக எதுக்கு இந்தக் கஷ்டம்னு பாதியில நிறுத்திடுவாங்க. நான் கெளம்பும்போது எங்க ஊர்ல ஒரு அக்கா அந்த மாத்திரையில பாதிக்கு வந்திருந்தாங்க. கர்ப்பமா இருக்குறவங்க அதைச் சாப்பிடவே கூடாது, அதையும் கேட்டுப் பாத்துக்கிட்டே இருக்கணும், இதையெல்லாம் ஒரு பொம்பள இன்னொரு பொம்பளகிட்டதான் பேச முடியும். அங்க சஹியான்னு சொல்ற கிராம சுகாதாரப் பணியாளர் இருக்காங்க, நல்ல மனுஷி, ஆனா அவங்க ஒருத்தங்களுக்கு எத்தனை மலை ஊரு. யாருக்கு எந்த வாரம் ஓடுது, யாரு ஒளிச்சு வச்சுட்டு சாப்பிட்டேன்னு பொய் சொல்லுவாங்க, எந்த வீட்டுல மணல் ஈக்கு மருந்தடிக்க வந்தா கதவைச் சாத்துவாங்க, எல்லாம் என் நோட்டுல இருந்துச்சு, அந்த நோட்டு அங்க என் டிரங்குப் பெட்டியில இருந்துச்சு. எனக்கு அடுத்து வந்த தம்பி அதைத் திறந்து பாக்கவே நாள் ஆச்சு, பாத்தாலும் அவருக்கு மால்ட்டோ தெரியாது, ஆம்பளப் பிள்ள வேற, அவரைக் குறை சொல்லி என்ன பண்றது.

மலையில சிக்னல் ஒரு பாறை மேல ஏறினாத்தான் கிடைக்கும். அந்தப் பாறையில இருந்து ஒரு பையன் கூப்பிட்டான், நீ செத்துட்டியா ஓடிட்டியான்னு ஊர்ல பேசிக்கிறாங்கன்னு கேட்டான். ஓடலன்னு சொன்னேன், அப்ப ஏன் சொல்லாமப் போனேன்னு கேட்டான். அந்த ஜனங்களை விட்டுட்டுப் போனவங்க நெறையப் பேர் அண்ணா, சர்வே எடுக்க வந்தவங்க, போட்டோ எடுக்க வந்தவங்க, ஸ்கூல் கட்டுறேன்னு சொன்னவங்க. இவங்களும் அப்படித்தான்னு நம்மளையும் அந்தக் கணக்குல சேத்துட்டாங்கன்னா இனி அங்க போற எந்த மிஷனரிக்கும் முதல் நாள்ல இருந்து ஆரம்பிக்க வேண்டி வரும்.

"மாற்றல் வேதத்துலயே இருக்கேம்மா"ன்னு ஒரு பெரியவர் எனக்கு எடுத்துச் சொன்னார். இருக்கு, ஒத்துக்கிறேன். பவுல் ஆசியாவுக்குப் போகப் பாத்தார், ஆவியானவர் தடுத்தார், பித்தினியாவுக்குப் போகப் பாத்தார், அதுவும் நடக்கல, கடைசியில துரோவாவுல ராத்திரி தரிசனம் வந்து மக்கெதோனியாவுக்குப் போனார். அதே அப்போஸ்தலர் புஸ்தகத்துல இருபதாம் அதிகாரத்தையும் சேத்துப் படிங்க அண்ணா. எருசலேமுக்கு அவசரமாப் போய்க்கிட்டு இருக்குற பவுல், பெந்தெகொஸ்தே பண்டிகைக்குள்ள போய்ச் சேரணும்னு எபேசுவுல கூட எறங்காதவரு, மிலேத்துல நின்னு எபேசு சபை மூப்பர்களை ஆள் அனுப்பி வரவழைக்கிறார். என்ன செஞ்சேன், இனி எங்க போறேன், இனிமே என் முகத்தைப் பாக்க மாட்டீங்கன்னு மறைக்காமச் சொல்றார், எல்லாரும் கழுத்தைக் கட்டிக்கிட்டு அழறாங்க, கப்பல் வரைக்கும் வந்து வழியனுப்புறாங்க. அவசரத்துலயும் பவுல் அதுக்கு நேரம் ஒதுக்கினார். நம்ம ரூல் புக்குல அதுக்கு ஒரு வரி கூட இல்ல.

எங்க ஊர்ப்பக்கம், அயர்லாந்துல இருந்து வந்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மா கதை கேட்டு வளராத பிள்ளை கிடையாது. அவங்க முதல்ல ஜப்பானுக்குத்தான் போனாங்க, 1893ல, உடம்பு ஒத்துக்கல, அப்புறம் இலங்கை, 1895ல இந்தியா, 1901ல இருந்து திருநெல்வேலிப் பக்கம் டோனாவூர், 1951ல சாகுற வரைக்கும் ஊர் திரும்பல. நெனச்ச இடம் வேற, வேர் விட்ட இடம் வேற. இந்தப் பக்கம் வந்த பிறகு கத்தோலிக்க மிஷனரி அருளானந்தரை, அதான் ஜான் டி பிரிட்டோ, பத்தியும் படிச்சேன், ஓரியூர் இங்கருந்து திருவாடானை தாண்டிப் போற தூரம்தான், நான் சி.எஸ்.ஐ பிள்ளையா இருந்தாலும் போய்ப் பாத்துட்டு வந்தேன். போர்த்துகல்லுல அரண்மனையில வளந்தவர், இந்த ராமநாதபுரம் பக்கத்து மறவர் சீமையில 1686ல பிடிபட்டு அடி உதையெல்லாம் வாங்கி உயிரோட வெளிய வந்ததும், அவங்க சபைத் தலைமை ஐரோப்பாவுக்கு அனுப்பிடுச்சு, மிஷன் காரியங்களப் பாக்க. அவர் கேட்ட வேலை இல்ல அது. அங்க ராஜா சின்ன வயசுக் கூட்டாளி, இங்கயே இருந்துடுன்னு புடிச்சு வச்சிருக்கார். ஆனா திரும்ப விடுங்கன்னு கேட்டுக் கேட்டு 1690ல வந்து சேந்தார், 1693 பிப்ரவரி 4ல ஓரியூர்ல தலை வெட்டுப்பட்டு செத்தார். மூணு நூற்றாண்டு தாண்டியும் அந்த மண்ணைக் கையில எடுத்துட்டுப் போறாங்க ஜனங்க. கீழ்ப்படிஞ்சவரும் அவர்தான், திருப்பி அனுப்புங்கன்னு வாய் விட்டுக் கேட்டவரும் அவர்தான், ரெண்டும் ஒரே ஆளுக்குள்ள இருக்கலாம்னு அங்க நின்னப்போ எனக்குத் தைரியம் வந்துச்சு.

இப்ப இந்த ஊரைப் பத்திச் சொல்றேன், ஏன்னா இந்த மடலை எழுத வச்சதே இந்த ஊர்தான். செட்டிநாட்டுக்கு வந்த புதுசுல எனக்கு மூச்சு முட்டுச்சு. ஒரு தெருவுல நுழைஞ்சு அடுத்த தெருவுல முடியுற வீடுங்க, முகப்புல பர்மா தேக்குத் தூணு, உள்ள ஆத்தங்குடிக் கல்லு, ஆனா முக்காவாசி வீட்டுல பூட்டு, இல்லாட்டி ஒரு வாட்ச்மேன், இல்லாட்டி ஒரே ஒரு வயசான ஆச்சி. எங்க ஹாஸ்டலுக்கு ரெண்டு தெரு தள்ளி அப்படி ஒரு ஆச்சி இருக்காங்க. பிள்ளைங்க எல்லாம் சென்னையிலயும் வெளிநாட்டுலயும். மருந்து வாங்கிக் கொடுக்கப் போக ஆரம்பிச்சு, இப்ப சாயங்காலம் நான் வரலைன்னா ஆள் விடுறாங்க. சுத்தமான சிவ பக்தி, சின்ன வயசுல குன்றக்குடியில இருந்து பழனிக்கு நடந்து போனவங்க, நான் யாருன்னும் அவங்களுக்குத் தெரியும், அவங்க யாருன்னும் எனக்குத் தெரியும், அதுல ரெண்டு பேருக்கும் எந்தச் சங்கடமும் இல்ல. ஒருநாள் என் மாற்றல் கதையைச் சொன்னேன். ஆச்சி கேட்ட முதல் கேள்வி "எத்தனை வருஷத்துக்கு ஆத்தா?"

தெரியாதுன்னு சொன்னேன். அவங்களால நம்பவே முடியல. அவங்க ஐயா பர்மாவுல ஒரு கடையில ஏஜெண்டா இருந்தவராம். அந்தக் காலத்துல ரங்கூனோ பினாங்கோ சைகோனோ, கொண்டு விக்க, அதாவது வட்டிக் கடை நடத்த, போறவங்களுக்கு மூணு வருஷம் ஒரு கணக்கு. பெட்டியடிப் பையனா உக்காந்து கணக்குக் கத்துக்கிட்ட பிறகுதான் அனுப்புவாங்க, சம்பளம் இவ்வளவு, தவணை இவ்வளவுன்னு எழுதின சீட்டு இருக்கும், அதுல ஒரு பங்கை வீட்டுக்கு முன்பணமாக் கொடுத்துடுவாங்க. மூணு வருஷம் முடிஞ்சா புது ஆள் போய் இறங்கி, பேரேட்டை வரிக்கு வரி பாத்து, யாரு எவ்வளவு பாக்கி, யாரு நம்பிக்கையான ஆளு, யாரு இழுத்தடிக்கிறவங்கன்னு வாயாலயும் கேட்டு, பெட்டிச் சாவி கை மாறின அப்புறம்தான் பழைய ஆள் கப்பல் ஏறுவாராம். வீட்டுல இருக்குற பொம்பளைக்கு எந்த மாசம் வருவார்னு தெரியும், நாள எண்ணிக்கிட்டு இருப்பாங்க. 1942ல ஜப்பான்காரன் வந்தப்ப மட்டும்தான் அந்த ஒழுங்கு முறிஞ்சுது, ஆளுங்க கணக்குப் புஸ்தகத்தையும் விட்டுட்டுக் காடு மலை தாண்டி நடந்தே வந்தாங்க, ஆச்சியோட ஐயா அந்தப் புஸ்தகத்தை நெனச்சு சாகுற வரைக்கும் பேசிக்கிட்டே இருந்தாராம், எந்தப் பணமும் வராதுன்னு தெரிஞ்சும், அங்க அவரை நம்பிக் கணக்கு வச்சிருந்தவங்க என்ன ஆனாங்களோன்னு.

எனக்கு அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல அண்ணா. வட்டிக்குக் கொடுக்கப் போனவங்க, லாபத்துக்குப் போனவங்க, அவங்களுக்கே பொறுப்பைக் கை மாத்துறதுக்கு இவ்வளவு ஒழுங்கு இருந்திருக்கு. நாம ஆத்துமாக்களையும் உயிரையும் பாத்துக்கப் போறவங்க, நமக்கு ஒரு பிடிஎஃப் போதும்னு ஆயிடுச்சே.

இன்னும் ஒண்ணு, இது ஜெபக்குழுக்காரங்களுக்கு. நான் தமிழ்நாட்டுக்கு வந்துட்டேன்னு தெரிஞ்சதும் என்னைத் தாங்கின ரெண்டு குழு தாங்குதலை நிறுத்திட்டாங்க, வடக்கே இருக்குற மிஷனரியைத்தான் தாங்குவோம்னு சொல்லிட்டாங்க. இன்னும் சிலர் அங்க என்ன பிரச்சனை பண்ணினேன்னு கேட்டாங்க, கல்யாணம் பேசி வச்சிருக்காங்களான்னு கேட்டாங்க, வீட்டுப் பக்கமா வந்துட்டே அதிர்ஷ்டம்னு சிலர் வாழ்த்தினாங்க. எங்க அம்மா இதுக்கெல்லாம் பதில் சொல்லிச் சொல்லி சபைக்கு வரும்போதே தலையக் குனிஞ்சுக்கிட்டு வர்றாங்க. லெட்டர்ல காரணம்னு ஒரே ஒரு வரி இருந்திருந்தா இத்தனை பேரு ஆளுக்கொரு காரணத்தைக் கட்டியிருக்க மாட்டாங்க.

இங்க இருக்குற வேலை சின்ன வேலை இல்ல, தயவு செஞ்சு அப்படி நினைக்காதீங்க. எங்க பிள்ளைங்கள்ல பாதிப் பேரோட அப்பா அம்மா கரி மூட்டம் போடுறவங்க. சீமைக்கருவேலத்தை வெட்டி அடுக்கி, வைக்கோலும் மண்ணும் போட்டு மூடி, நாள்கணக்குல புகைய விட்டுக் கரி எடுக்குற வேலை, இங்கயும் ராம்நாடு பக்கமும் அதை நம்பி எத்தனையோ குடும்பம் இருக்கு. ஒரு இடத்துல மரம் தீந்துச்சுன்னா அடுத்த கண்மாய்க் கரைக்குக் குடும்பத்தோட மாறணும், பிள்ளையோட ஸ்கூலும் அதோட போச்சு. ஏழாம் கிளாஸ்ல இருக்குற பிள்ளைக்கு ஒரு பத்தி தமிழ் தடுமாறாம வாசிக்க வரல, ஆனா மூட்டத்துல தீ எந்தப் பக்கம் ஏறுதுன்னு புகை நிறத்தை வச்சுச் சொல்லும், அவ்வளவு புத்தி. இன்னும் சில பிள்ளைங்க அப்பாமாரு சிங்கப்பூர், மலேசியா, வளைகுடான்னு போனவங்க, அந்தப் பிள்ளைங்ககிட்டப் போய்க் கேளுங்க, அப்பா எப்ப வருவார்னு, மாசத்தோட சொல்லும். இந்தப் பிள்ளைங்களை நான் நேசிக்க ஆரம்பிச்சுட்டேன், அதனாலயே இப்ப பயமா இருக்கு. என்னைக்கு ஒருநாள் இதே மாதிரி இன்னொரு பிடிஎஃப் வந்து, இவங்க ஸ்கூல் விட்டு வந்து பாக்கும்போது நான் இல்லாமப் போயிடுவேனோன்னு. ஒரே பிள்ளை எத்தனை தடவை இடம் மாறுறதையும் ஆள் மாறுறதையும் தாங்கும்.

அதனால நான் கேக்குறது இதுதான். அடுத்த பொதுக்குழுவுல இதைப் பேசுங்க. யாரை மாத்தினாலும் லெட்டர் போறதுக்கு முன்னாடி ஒருத்தர் நேர்ல வந்தோ போன்லயோ காரணத்தைச் சொல்லட்டும், சொல்ல முடியாத காரணம்னா சொல்ல முடியாதுன்னே சொல்லட்டும், அதையும் தாங்கிக்குவோம். பழைய ஆளும் புது ஆளும் ஒரே இடத்துல ஒரு மாசமாவது சேந்து இருக்கட்டும், வீடு வீடா கூட்டிட்டுப் போய் இவர்தான் இனிமேன்னு காட்டட்டும். வைத்தியம் நடந்துக்கிட்டு இருக்குற இடமா இருந்தா அந்த மருந்து முடியுற வரைக்கும் ஆளை எடுக்காதீங்க, அப்படியே எடுக்க வேண்டி வந்தா பாஷை தெரிஞ்ச இன்னொரு பொம்பள ஆளைப் போட்டுட்டு எடுங்க. போற இடத்துல எவ்வளவு வருஷம்னு லெட்டர்லயே எழுதுங்க, நடுவுல மாறினா மாறட்டும், ஆனா ஒரு எண்ணு இருக்கட்டும். இது அவசரத்துல முடியாதுன்னு நீங்க சொல்லலாம், உயிர் ஆபத்து, கலவரம், கடுமையான வியாதின்னா சரி, உடனே எடுங்க, நானே மூட்டை கட்ட வர்றேன். மத்த எந்த மாற்றலுக்கும் ஒரு மாசம் பொறுக்க முடியாத அவசரம் இருக்குமான்னு எனக்குத் தோணல.

எனக்குன்னு கேக்குறது ஒண்ணே ஒண்ணு. அரையாண்டுப் பரீட்சை முடிஞ்சு ஹாஸ்டல் பிள்ளைங்க ஊருக்குப் போற லீவுல என்னை ராஜ்மகாலுக்கு ஒரு தடவை போக விடுங்க. டிக்கெட் காசு நான் பாத்துக்கிறேன். அந்தப் புதுத் தம்பியோட வீடு வீடாப் போய் நோட்டுல இருக்குறதை எல்லாம் விளக்கிச் சொல்லிட்டு, மாத்திரையில பாதிக்கு வந்திருந்த அந்த அக்காவை சஹியா அக்காவோட ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய்ட்டு, ஊர்க்காரங்களை ஒரு இடத்துல உக்கார வச்சு எங்க இருக்கேன், என்ன செய்றேன்னு சொல்லிட்டு, ஸ்கூல் திறக்குறதுக்குள்ள இங்க வந்துடுறேன். அதுவரைக்கும் ஹாஸ்டலைப் பாத்துக்க பக்கத்து ஊர் போதகர் அம்மா சம்மதிச்சிருக்காங்க, அவங்க லெட்டரும் இதோட வச்சிருக்கேன். பதில் எழுதும்போது எத்தனை வருஷம் இங்கன்னும் சேத்து எழுதுங்க, ஆச்சி தெனம் கேக்குறாங்க.

கர்த்தருடைய பணியில்,
தேவகோட்டைப் பக்கம் இருக்குற உங்க தங்கச்சி